முன்பள்ளி வளவு மண்ணில் ஈயம்: ஒரே வளவுக்குள் 48உம் 2600உம். எதை நம்புவது?

மட்டிக்களி வளவு கேட்டது:

திருகோணமலை நகருக்குள் 12 பேர்ச் வளவு ஒன்று முன்பள்ளிக்காக எடுக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கம் பஸ் ஓடும் வீதி. நடுவில் தகரக் கூரை போட்ட பழைய வீடு, யன்னல் கதவுகளில் பல அடுக்குப் பெயின்ற். பின்மூலையில் ஒரு கொட்டில். அங்கே முன்பு பற்றறி சார்ஜ் போட்டிருக்கிறார்கள், வலைக்கு ஈயக்குண்டும் வார்த்திருக்கிறார்கள். கொட்டிலில் இருந்து 8 மீற்றரில் கிணறு. நடுவளவில் பிள்ளைகள் விளையாடுவது, வீட்டோரமாக மரக்கறிப் பாத்தி போடுவது என்பது இப்போதைய திட்டம்.

கையடக்க எக்ஸ்.ஆர்.எப். கருவியை (எக்ஸ்-கதிரால் மூலகங்களை அளப்பது) நேரே நிலத்தில் வைத்து எடுத்த வாசிப்புகள் இவை. எல்லாம் மி.கி./கி.கி. இல், அதாவது ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று. டிசம்பர் மாதம், மழை விட்ட மறுநாள்.

வீதியோரம்: ஈயம் 95, நாகம் (துத்தநாகம்) 240, குரோமியம் 310.
கூரைத் தண்ணீர் சொட்டும் வீட்டோரம்: ஈயம் 430, நாகம் 780.
கொட்டில்: ஈயம் 2600, ஆசனிக் 120. ஒரு அடி தள்ளி வைத்தால் ஈயம் 900.
நடுவளவு: ஈயம் 48, நாகம் 90, குரோமியம் 280.
எல்லா இடத்திலும் இரும்பு 5 வீதத்துக்கு மேல், டைட்டேனியம் 2 வீதத்துக்கு மேல்.

பிறகு வளவு முழுக்க அள்ளி ஒன்றாய்க் கலந்த ஒரு மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போனது. அறிக்கை: ஈயம் 310, குரோமியம் 45, கட்மியம் "5 இற்குக் குறைவு", பி.எச். 7.9. முறை அமிலக் கரைப்பு, சுவாலை ஏ.ஏ.எஸ். (கரைசலைச் சுவாலையில் விசிறி, ஒளி உறிஞ்சலால் உலோகத்தை அளப்பது).

குரோமியம் 280உம் 45உம் எப்படி ஒரே வளவாகும்? ஆசனிக் 120 உண்மையா? இந்த மண்ணில் தோட்டம் செய்யலாமா? கடுகும் சூரியகாந்தியும் நட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்கிறார்கள், அது சரியா? கிணற்றுத் தண்ணீரில் எதைப் பார்க்க வேண்டும்?

---

ஆய்வுகூட மேசை பதில்:

முதலில் அந்த 310ஐ மறந்துவிடுங்கள். 48உம் 2600உம் உள்ள வளவை ஒரே பைக்குள் கலந்தால் கிடைப்பது எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத இலக்கம். கொட்டில் மண்ணில் ஒரு அகப்பை கூடுதலாக விழுந்திருந்தால் 500 வந்திருக்கும், குறைய விழுந்திருந்தால் 120. ஆய்வுகூடம் சரியாகத்தான் அளந்திருக்கிறது. பிழை மண் அள்ளியதில்.

குரோமியத்துக்கு வருவோம். திருகோணமலையில் இருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி என்று போகும் கரையில் கறுப்புக் கோடு கோடாய்க் கிடக்கும் மணலைப் பார்த்திருப்பீர்கள். புல்மோட்டையில் தோண்டியெடுப்பதும் இதே சாதிதான்: இல்மனைற், றூட்டைல், சேர்க்கோன். உங்கள் வளவில் டைட்டேனியம் 2 வீதம் என்றால் அந்தக் கறுப்பு மணல் அங்கேயும் இருக்கிறது. இதனால் இரண்டு காரியம் நடக்கிறது.

ஒன்று, கருவி ஏமாறுகிறது. எக்ஸ்.ஆர்.எப். ஒவ்வொரு மூலகத்தையும் அது விடும் எக்ஸ்-கதிரின் சக்தியால் அடையாளம் காண்கிறது. அந்தச் சக்தி ஒவ்வொன்றையும் ஒரு கோடு என்போம், அலகு கே.ஈ.வி. டைட்டேனியத்தின் இரண்டாவது கோடு 4.93 கே.ஈ.வி., வனேடியத்தின் முதற்கோடு 4.95. வனேடியத்தின் இரண்டாவது கோடு 5.43, குரோமியத்தின் முதற்கோடு 5.41. டைட்டேனியம் கொட்டிக் கிடக்கும் மண்ணில் இந்தச் சங்கிலி முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கடைசியில் குரோமியக் கணக்கில் ஏறும். கருவிக்குள் இருக்கும் திருத்தம் சாதாரண மண்ணுக்காகச் செய்தது, கடற்கரைக் கனிய மணலுக்காக அல்ல.

இரண்டு, இல்மனைற்றுக்குள் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியம் உண்டு. எக்ஸ்.ஆர்.எப். கல்லுக்குள் பூட்டிக் கிடப்பதையும் சேர்த்து எண்ணும். இராசநீர்க் கரைப்பு (3 பங்கு ஐதரோகுளோரிக், 1 பங்கு நைத்திரிக்) இல்மனைற்றையும் சேர்க்கோனையும் முழுதாகக் கரைக்காது. ஆகவே 45 என்பது அமிலத்தில் வந்த பங்கு, 280 என்பது மொத்தமும் கருவியின் குழப்பமும். செடிக்கோ பிள்ளையின் வயிற்றுக்கோ போகக்கூடியது 45க்குள்தான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்கில் கழற்றிய பலமான காந்தத்தை ஒரு பொலித்தீனில் சுற்றி, காய்ந்த மண்ணில் நாலைந்து தரம் ஓட்டுங்கள். கறுப்பு மணியெல்லாம் ஒட்டும். மிச்ச மண்ணைத் திரும்ப அளந்தால் இரும்பு, டைட்டேனியம், குரோமியம் மூன்றும் சேர்ந்து விழுந்து, ஈயமும் நாகமும் அப்படியே நிற்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் போதாது. இல்மனைற்றுக்குக் காந்தக் கவர்ச்சி மெலிது.

ஆசனிக் 120ஐ நான் நம்பமாட்டேன். ஆசனிக்கின் பிரதான கோடு 10.54, ஈயத்தினது 10.55. கருவி ஈயத்தை 12.6இல் உள்ள வேறு கோட்டில் அளந்து, அதைக் கழித்து மிச்சத்தை ஆசனிக் என்கிறது. ஈயம் ஆசனிக்கைப் போல் 10 மடங்குக்கு மேல் இருந்தால் அந்த மிச்சத்துக்கு அர்த்தமில்லை. உங்களிடம் 21 மடங்கு. ஆனால் பற்றறித் தகட்டில் அந்திமனியோடு சிறிது ஆசனிக்கும் சேர்ப்பது வழக்கம் என்பதால் பூச்சியம் என்றும் எழுதிவிடாதீர்கள். கொட்டில் மாதிரிக்கு மட்டும் ஐ.சி.பி.யில் (மிகச் சிறிய அளவையும் காணும் ஆய்வுகூடக் கருவி) ஆசனிக் கேளுங்கள். மற்ற இடங்களுக்குத் தேவையில்லை.

கட்மியம் "5 இற்குக் குறைவு" என்பது பதிலே இல்லை. 1 கிராம் மண்ணைக் கரைத்து 50 மி.லீ. ஆக்கி, சுவாலையில் லீற்றருக்கு 0.1 மி.கி. வரை வாசித்தால், திருப்பிக் கணக்கிட மண்ணில் 5 மி.கி./கி.கி. வருகிறது. அதற்குக் கீழே அவர்களுக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். நெதர்லாந்தின் பழைய இலக்கு அளவு கட்மியத்துக்கு 0.8. பென்சிற்கரி (கிராபைற்) உலை ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி. என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

திரும்ப மாதிரி எடுக்கும் முறை:

வளவை நாலாகப் பிரியுங்கள்: வீதியோரம், வீட்டோரம், கொட்டில், நடுவளவு. ஒவ்வொன்றிலும் 10 இடத்தில் சம அளவு மண் எடுத்து அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் கலக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் மேல் 2 செ.மீ. மட்டும். பாத்தி போடும் இடமென்றால் 15 செ.மீ. வரை. இந்த இரண்டையும் ஒரே பையில் போடக்கூடாது. மேலே படிந்த ஈயம் கீழ் மணலோடு சேர்ந்து ஐதாகிவிடும், நல்ல இலக்கத்தைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள்.

கல்வனைஸ் வாளி, பித்தளை அரிதட்டு வேண்டாம். நாகமும் செப்பும் அதிலிருந்தே வரும். பிளாஸ்ரிக் பேசினும் துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியும் போதும். நிழலில் பேப்பர் விரித்து 3, 4 நாள் காயவிட்டு 2 மி.மீ. நைலோன் அரியில் அரியுங்கள். குவித்து, நாலாய்ப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளை மட்டும் வைத்து, 500 கிராம் வரும்வரை குறையுங்கள். பிள்ளைகளின் கையில் ஒட்டுவது 150 மைக்ரோனுக்குக் கீழ்ப்பட்ட தூள். விளையாட்டிட மாதிரிக்கு அந்தத் தூளையும் தனியாக அளக்கச் சொல்வது நல்லது. மொத்த மண்ணை விட அதில் ஈயம் கூடவே இருக்கும்.

எக்ஸ்.ஆர்.எப். திரும்பக் கிடைத்தால் ஈர நிலத்தில் வைக்காதீர்கள். ஈரம் 20 வீதத்தைத் தாண்டினால் வாசிப்பு நன்றாகக் குறையும். உங்கள் 430 காய்ந்த மண்ணில் 500க்கு மேல் வந்தாலும் ஆச்சரியமில்லை. காய்ந்து அரித்த மண்ணை மெல்லிய பொலித்தீனில் 2 செ.மீ. தடிப்பில் வைத்து, 60 முதல் 90 செக்கன், மூன்று தரம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சுத்தமான குவார்ட்சு மணலை ஒரு தரம், அளவு தெரிந்த நியம மண்ணை ஒரு தரம். அமெரிக்க நியம நிறுவனமான நிஸ்ற்றின் 2711ஏ மண் கிடைத்தால் அதில் ஈயம் 1400 வரவேண்டும். 1100 வந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. யாராவது மாணவர் இந்தத் தரவில் "செறிவாக்கக் காரணி" (ஓர் உலோகம் இயற்கை அளவை விட எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்பதை, மண்ணில் உள்ள இன்னொரு மூலகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) கணக்கிட்டு அறிக்கை எழுத வந்தால், இரும்பையோ டைட்டேனியத்தையோ ஒப்பீட்டு மூலகமாக எடுக்க விடாதீர்கள். இந்தக் கரையில் அவை இரண்டும் கறுப்பு மணலோடு ஏறி இறங்கும். கறுப்பு மணல் கூடிய இடத்தில் மாசு குறைவு என்று கணக்கு பொய் சொல்லும். அலுமினியத்தை எடுக்க வேண்டும்.

---

கச்சான் காற்று பதில்:

மேசை அண்ணை அளவைச் சொல்லிவிட்டார். நான் நிலத்தைச் சொல்லுறன்.

எந்த இலக்கத்தோடு ஒப்பிடுறது என்று முதல் பார்ப்பம். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமான ஈ.பி.ஏ. குடியிருப்பு மண்ணுக்கு வைச்சிருந்த 400ஐ 2024 ஜனவரியில 200 ஆக்கினது. கலிபோர்னியா 80 என்று வைச்சிருக்கு. பிள்ளைகள் புழங்கிற இடத்துக்கு 80ஐயும், பெரியாக்கள் தோட்டம் செய்யிற இடத்துக்கு 200ஐயும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. அப்ப நடுவளவு விளையாட நல்லம். வீதியோரம் பிள்ளைகளுக்கு வேண்டாம், வேலிச்செடிக்குச் சரி. வீட்டோரம் இரண்டுக்குமே இல்லை. அதாவது பாத்தியை நீங்கள் திட்டம் போட்டிருக்கிறது பிழையான இடத்தில.

நாகம் 780ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தகரக் கூரையில இருந்து கழுவி வந்தது. நாகம் பிள்ளையை விடச் செடிக்குத்தான் தொல்லை, அதுவும் பி.எச். 6க்குக் கீழ போனால்தான். இப்ப 7.9இல நிற்குது.

வேர் ஈயத்தை இழுத்துக் காய்க்குள்ள கொண்டுபோகும் என்றுதான் எல்லாரும் பயப்படுறது. ஈயம் வேரிலயே பெரும்பாலும் நின்றுவிடும். கத்தரி, தக்காளி, வெண்டி, பயற்றை, மிளகாய், முருங்கைக்காய் எல்லாத்துக்கும் காய்க்குள்ள போறது மிகச் சொற்பம். ஆபத்து கையாலயும் தூசாலயும்தான் வரும். சிறுபிள்ளை ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் மண் விழுங்கும் என்பது கணக்குக்குப் பாவிக்கிற அளவு. வீட்டோர மண் 430 என்றால் ஒரு நாளைக்கு 43 மைக்ரோகிராம் ஈயம். கொட்டில் மண் என்றால் 260. நடுவளவு 5க்குள்ள. ஈயத்துக்கு முந்தி ஒரு வாராந்த எல்லை இருந்தது, உடல் நிறை கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். அதை உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2010இல திரும்ப எடுத்திட்டுது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் காட்ட முடியேல்லை.

கீரை வேற கதை. நிலத்தோட படர்ற வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் மண்ணை இலையில ஏந்தும். ஒரு பிடி கீரையில 1 கிராம் மண் ஒட்டியிருந்தால், வீட்டோர மண் என்றால் அதிலயே 430 மைக்ரோகிராம். இலைக்கறிக்கு கோடெக்ஸ் எண்ட சர்வதேச உணவு நியமம் விட்டிருக்கிறது கிலோவுக்கு 0.3 மி.கி., அதாவது 100 கிராமுக்கு 30 மைக்ரோகிராம். கழுவாத ஒரு பிடி அதை எத்தனை மடங்கு தாண்டுது என்று பாருங்கோ. கிழங்கு வகையில கரட், முள்ளங்கி தோலோட மண்ணையும் கொண்டு வரும். மரவள்ளி தோல் உரிச்சுப்போட்டுச் சாப்பிடுறபடியால் கொஞ்சம் பரவாயில்லை.

இனி வேலை. முதல்ல வீட்டோரம். பழைய பெயின்ற் பொருக்குத்தான் அங்க ஈயத்துக்குப் பெரும்பங்கு. இலங்கையில பெயின்ற்றில ஈயத்துக்கு எல்லை வந்தது 2013இல. அதுக்கு முந்தின எனாமலை எல்லாம் ஈயம் உள்ளது என்றே எடுக்கோணும். யன்னலைச் சுரண்டிறதென்றால் தண்ணி விசிறி விசிறி நனைச்சுச் சுரண்டுங்கோ. சாண்ட் பேப்பர் மெஷின் வேண்டாம், நெருப்பு லாம்பு வேண்டவே வேண்டாம், ஈயம் ஆவியாய் எழும்பும். கீழே தடிச்ச பொலித்தீன் சுவரில இருந்து 2 மீற்றர் விரிச்சு, விழுந்ததை எல்லாம் அன்றன்றைக்கே மடிச்சுக் கட்டோணும். இது முடிய முதல் மண்ணைத் தொட்டால் திரும்பவும் கொட்டுப்படும், செய்த வேலை வீண்.

பிறகு சுவரைச் சுற்றி 1 மீற்றர் அகலத்துக்கு மண்ணை மூடுங்கோ. தோண்டி எடுக்கத் தேவையில்லை. ஜியோரெக்ஸ்ரைல் துணி (தண்ணியை விட்டு மண்ணை மறிக்கிற செயற்கைத் துணி) விரிச்சு மேல 10 செ.மீ. முக்கால் இஞ்சிக் கல், இல்லாட்டி 7 செ.மீ. கொங்கிறீற். பீலி போட்டுத் தண்ணியைக் குழாயில இறக்குங்கோ. கூரைத் தண்ணி திரும்பத் திரும்ப ஒரே கோட்டில விழுந்தால் கல்லையும் தள்ளி மண்ணைத் தெறிப்பிக்கும்.

வீதியோரத்துக்கு நந்தியாவட்டையோ செவ்வரத்தையோ நெருக்கி நட்டால் போதும். இலங்கையில ஈயம் கலந்த பெற்றோல் 2002இல நின்றிட்டுது. ஆனால் அந்த ஈயம் எங்கயும் போகேல்லை, மேல் 5 செ.மீ.க்குள்ள கிடக்கு. கச்சான் (தென்மேல் காற்று) காலம் மே தொடங்கி மண் காய்ஞ்சு பறக்கேக்கை அதுதான் வீட்டு விறாந்தைக்கு வாறது. ஆகவே தும்புத்தடியால் கூட்டாமல், ஈரத் துணியால் துடையுங்கோ. பிள்ளைகள் சாப்பிட முதல் கை கழுவ குழாயை விறாந்தை ஓரத்திலயே வையுங்கோ. மருந்தை விட இது பெரிய காரியம்.

பாத்தி நடுவளவின் ஒரு ஓரத்தில, வீட்டில இருந்து 3 மீற்றராவது தள்ளி உயர்த்திக் கட்டுங்கோ. 2.4 மீற்றர் நீளம், 1.2 அகலம், 30 செ.மீ. மண். ஒரு பாத்திக்கு 0.86 கன மீற்றர். ஒரு கியூப் மண் 2.83 கன மீற்றர் எண்டபடியால் மூன்று பாத்திக்குச் சரி, மிஞ்சுறது பிறகு மண் இறங்கேக்கை மேல போட. சீமெந்துக் கல் இரண்டு வரி வைச்சால் உயரம் தானாய் வரும். பழைய தண்டவாளச் சிலிப்பர், உடைஞ்ச தோணிப் பலகை, பெயின்ற் அடிச்ச கதவு, ரயர் நாலும் வேண்டாம். தோணியில செம்பு மருந்தும் சிவப்பு ஈயமும் பூசியிருப்பினம். ரயரில நாகம் ஒன்றிரண்டு வீதம் இருக்கும்.

அடியில ஜியோரெக்ஸ்ரைல். மண் 2 பங்கு, கூட்டெரு 1 பங்கு, கொஞ்சம் தும்புத்தூள். கொண்டுவாற மண் எந்த இடத்து மண் என்று லொறிக்காரரிட்டைக் கேட்டு, அதையும் ஒரு தரம் அளக்கோணும். நகரத்துக் குப்பையில செய்த கூட்டெரு என்றால் உலோக அறிக்கை இல்லாமல் வாங்காதேங்கோ. கலந்த குப்பைக்குள்ள பற்றறியும் போகும். மேல வைக்கோல் 5 செ.மீ. போடுங்கோ. மாரி மழை விழேக்கை மண் இலைக்குத் தெறிக்காது.

கீரை கழுவ ஒரு லீற்றர் தண்ணிக்கு 10 மி.லீ. வினாகிரி விட்டு, 2 நிமிஷம் அலசி, பிறகு வெறுந்தண்ணியில இரண்டு தரம். வெளியிலைகளைக் கழித்துவிடுங்கோ.

---

மட்டிக்களி வளவு:

மிக்க நன்றி. பாத்தி இடம் மாறுகிறது. இரண்டு கேள்வி மிச்சம். கடுகு, சூரியகாந்தி பற்றி யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் எப்பாவலையில் தோண்டும் பாறைப் பொஸ்பேற் போட்டால் ஈயம் கட்டிப்போய்விடும் என்கிறார். கொட்டில் மண்ணை அப்படிச் செய்யலாமா?

---

கணக்கு நோட்டு பதில்:

கடுகைப் பற்றிக் கணக்கே பேசட்டும்.

10 சதுர மீற்றர் நிலம், 20 செ.மீ. ஆழம், கன மீற்றருக்கு 1300 கிலோ. மண் 2600 கிலோ. ஈயம் 400 மி.கி./கி.கி. என்றால் மொத்தம் 1.04 கிலோ ஈயம். அதைப் பாதியாக்க 520 கிராம் வெளியேற வேண்டும். நல்ல விளைச்சலில் வருடத்துக்கு 10 கிலோ காய்ந்த செடி கிடைக்கும். செடியில் 100 மி.கி./கி.கி. ஈயம் என்று தாராளமாகவே எடுப்போம். வருடத்துக்கு 1 கிராம். 520 வருடம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து இன்னும் 410 வருடம் கூட ஆகவில்லை.

ஈ.டி.ரி.ஏ. (உலோகத்தைக் கரைசலுக்கு இழுக்கும் இரசாயனம்) ஊற்றினால் செடி கூட உறிஞ்சும் என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் செடி எடுக்காத மிச்சமும் கரைந்து கீழே போகும். மணல் நிலம், 8 மீற்றரில் கிணறு. செய்யவே கூடாது. இன்னொரு கேள்வி: உறிஞ்சிய செடியை எங்கே போடுவது? எரித்தால் சாம்பலில் ஈயம், மாட்டுக்குப் போட்டால் பாலில்.

பொஸ்பேற்றின் தத்துவம் சரி. ஈயமும் பொஸ்பேற்றும் குளோரைட்டும் சேர்ந்தால் பைரோமோர்பைற் என்ற கரையாத கனியம் உண்டாகும். ஆனால் அதற்கு இரண்டும் முதலில் கரைய வேண்டும். எப்பாவலைப் பாறைப் பொஸ்பேற் அமில மண்ணிலேயே மெதுவாகத்தான் கரையும். தேயிலைக்கும் தென்னைக்கும் போடுவது அதனால்தான். பி.எச். 7.9இல் அது மண்ணுக்குள் மணலாகவே கிடக்கும்.

கரையக்கூடிய ரி.எஸ்.பி. (முச்சுப்பர் பொஸ்பேற் பசளை) போடுவதென்றால் ஆய்வுகளில் பாவிக்கும் அளவு மண் நிறையில் 1 வீதம் பொசுபரசு வரை போகிறது. ஒரு சதுர மீற்றரில் 20 செ.மீ. ஆழத்துக்கு 260 கிலோ மண், அதில் 1 வீதம் 2.6 கிலோ பொசுபரசு. ரி.எஸ்.பி.யில் பொசுபரசு 20 வீதம் அளவில், ஆகவே சதுர மீற்றருக்கு 13 கிலோ பசளை. மாரியில் அதில் ஒரு பங்கு களப்புக்குப் போய்ப் பாசி பிடிக்கும். ரி.எஸ்.பி.யோடு கட்மியமும் வரும். ஆசனிக் உண்மையிலேயே அங்கே இருந்தால் பொஸ்பேற் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆசனிக்கைக் கழற்றிவிடும். ஒரு உலோகத்தைக் கட்டப் போய் இன்னொன்றை அவிழ்த்துவிட்ட கதை.

நடுவளவுக்கும் பாத்திக்கும் கூட்டெருவே போதும். சேதனப் பொருள் ஈயத்தை நன்றாகப் பிடிக்கும், மணலுக்கு நீரும் நிற்கும்.

---

வலைக்குண்டு பதில்:

கொட்டிலைத் தனிக் காரியமாகப் பாருங்கள். 2600க்கு ஒரு அடி தள்ளி 900 வந்ததற்குக் காரணம் கருவி அல்ல. ஈயம் வார்க்கும்போது தெறித்த சிறு மணிகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஈய மணி 47 மில்லிகிராம். 100 கிராம் மாதிரியில் ஒன்று இருந்தாலே அது மட்டும் 470 மி.கி./கி.கி. ஆய்வுகூடம் எடுக்கும் 1 கிராமுக்குள் அந்த மணி அகப்பட்டால் 47,000. அகப்படாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே கொட்டில் மாதிரியை 2 மி.மீ. அரியில் அரித்து, மேலே நின்ற மணிகளைத் தனியாக நிறுத்து எழுதி, கீழே விழுந்ததை அரைத்த பிறகே கரைக்கச் சொல்லுங்கள். மூன்று தனித்தனிக் கரைப்புகள் கேளுங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சராசரியை நம்பாமல் மிகக் கூடியதை எடுங்கள்.

மணியை விடக் கெட்டது பற்றறிச் சேறு. அது ஈய சல்பேற்றும் ஒட்சைட்டும் சேர்ந்த மென்தூள், கையிலும் செருப்பிலும் ஒட்டும், வயிற்று அமிலத்தில் சுலபமாகக் கரையும். வெள்ளையும் மண்ணிறமுமாய்த் திட்டுத் தெரிந்தால் அதுதான்.

பி.எச். 7.9 என்பது கலந்த மாதிரியினது என்பதையும் கவனியுங்கள். பற்றறி அமிலம் கொட்டிய இடத்தில் அது 4க்கும் போயிருக்கலாம். ஒரு கரண்டி மண்ணில் வினாகிரி விட்டுப் பாருங்கள். சிப்பி, சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். நடுவளவில் நுரைத்து, கொட்டிலில் நுரைக்கவில்லையென்றால் அங்கே சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில்தான் ஈயமும் நாகமும் கீழே இறங்கத் தொடங்கும். பி.எச். மீற்றரால் 10 செ.மீ. இடைவெளியில் ஆழமாகப் பார்த்து, 6.5க்குக் கீழே உள்ள இடத்துக்கு விவசாயச் சுண்ணாம்பு போட்டு ஏற்றுங்கள்.

எல்லை கட்ட 1 மீற்றர் கட்டமாகக் கயிறு பிடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் 5 செ.மீ. 5 செ.மீ. ஆக இறங்கி, 200க்குக் கீழே வரும்வரை அளக்க வேண்டும். 3 மீற்றருக்கு 3 மீற்றர், 15 செ.மீ. ஆழம் என்று வந்தால் 1.35 கன மீற்றர், ஏறக்குறைய ஒன்றே முக்கால் தொன். தோண்டினால் இதைக் கொண்டுபோய்க் கொட்ட உங்களுக்கு இடமில்லை. 2008 ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின் கீழ் இது அட்டவணைக் கழிவுக்குள் (அபாயகரமான கழிவு) வரக்கூடியது. தோண்ட முதல் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். கடற்கரையிலோ வயல் மேட்டிலோ கொட்டுவது இன்னொருவரின் பிள்ளைக்குக் கொடுப்பதுதான்.

என் யோசனை தோண்டாமல் மூடுவது. கொட்டிலைக் கழற்றி, நிலத்தை நனைத்து, கண்ணுக்குத் தெரியும் ஈயத் துண்டு, கசடு, பற்றறித் தகடு எல்லாவற்றையும் கையுறையோடு பொறுக்கி இரட்டைப் பையில் கட்டுங்கள். துடைப்பம் போடாதீர்கள். என்-95 முகமூடி வேண்டும், துணி முகமூடி ஈயத் தூளுக்கு உதவாது. பிறகு நிறமுள்ள ஜியோரெக்ஸ்ரைல், 10 செ.மீ. கிரவல் இறுக்கி, 7.5 செ.மீ. கொங்கிறீற், எல்லையைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் அரை மீற்றர் கூட. நிறத்துணி எதற்கென்றால் பத்து வருடம் கழித்து யாராவது குழாய் புதைக்கத் தோண்டும்போது நிறுத்துவதற்கு. மேலே சைக்கிள் நிறுத்தலாம், சமையலறை வேண்டாம்.

கிணறு. காரமான மண்ணில் ஈயம் சுலபமாக நகராது, பெரும்பாலும் தண்ணீர் சரியாகவே வரும். ஆனாலும் அமிலத் திட்டு இருந்தால் பார்க்காமல் விட முடியாது. இரண்டு போத்தல்: ஒன்று வாளியால் அள்ளியபடி, மற்றது 0.45 மைக்ரோன் வடியில் வடித்தது. இரண்டிலும் நைத்திரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் போத்தல் சுவரில் ஒட்டிவிடும், அறிக்கை பொய்யாக நல்லதாய் வரும். போத்தலையும் அமிலத்தையும் ஆய்வுகூடமே தரும், கேளுங்கள். வடிக்காததில் மட்டும் ஈயம் கூடவென்றால் அது மண் கலங்கல். இரண்டிலும் கூடவென்றால் தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், கட்மியம் 3. மாரி தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தரம், கச்சான் முடியும் தறுவாயில் ஒரு தரம் எடுங்கள். குழாயில் எடுப்பதென்றால் பித்தளைத் தலையில் இருந்தும் ஈயம் வரும் என்பதால் முதற்தண்ணீரைத் தனியாக, 5 நிமிடம் ஓடவிட்டதைத் தனியாக எடுக்க வேண்டும்.

இந்த வளவில் இதுவரை வளர்ந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி நாளத்தில் எடுத்த இரத்தத்தில் ஈயம் பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் உள்ள தூசே இலக்கத்தை ஏற்றிவிடும். டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் காரணத்தைத் தேடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது.

---

கச்சான் காற்று:

ஒன்று விட்டுப்போச்சு. வளவில கோழி நிற்குதோ? நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்திற சீவன் அது. ஈயம் முட்டை மஞ்சட்கருவுக்குப் போகும். கொட்டில் பக்கம் வலை அடிச்சு மறியுங்கோ. தீனியை நிலத்தில எறியாமல் தட்டில வையுங்கோ. மூடி வேலை முடியிறவரைக்கும் அந்த முட்டையை முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடுக்காதேங்கோ.